சிரித்துக்கொண்டே சொல்

"சம்பளம் நியாயமான்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்றாள் சொவண்ணி.

"நியாயம்தாங்க!" இருபது பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"சிரிச்சுக்கிட்டே சொல்லுங்கடி. பேயறைஞ்ச மாதிரி நின்னா யார் நம்புவாங்க?"

கம்போடியாவில், புனோம்பென் நகரத்துக்கு வெளியே இருந்த அந்தத் தையல் ஆலைக்கு, துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பி விசாரிக்கும்போதெல்லாம் இந்த ஒத்திகை உண்டு. ஆறாம் வரிசையின் தலைவி என்பதால் அது சொவண்ணியின் வேலை. அவளுக்கும் ஆசையா என்ன? போன வருஷம் இதே வரிசையில் தைத்த தீதா, 'பேர் வெளியே வராது' என்று விசாரிக்க வந்தவர்கள் சொன்னதை நம்பி வாயைத் திறந்தாள். மூன்று மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆலை வாசலில் கரும்புச்சாறு பிழிகிறாள்.

விசாரிக்க வந்திருந்தவள் சின்னப் பெண். ரச்சனா என்று பெயர் சொன்னாள். அலுவலக அறையில் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள்.

"அக்கா, உங்க பேரை எங்கேயும் எழுதப்போறதில்ல. நீங்க வாங்குற சம்பளம் உங்க உழைப்புக்கு நியாயமா?"

"நியாயம்தாங்க." சொவண்ணியின் பல்லெல்லாம் தெரிந்தது.

"குழந்தை இருக்கா?"

"ஒரே பொண்ணு, ஆறு வயசு. ஊர்ல என் தங்கச்சிகிட்ட இருக்கு."

"ஏன்க்கா, கூட வெச்சுக்கலையா?"

சொவண்ணியின் சிரிப்பு ஒரு நொடி கழன்றது. நான்கு பேர் படுக்கும் வாடகை அறையில் குழந்தைக்கு ஏது இடம்? போன புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது, மகள் தங்கையை 'அம்மா' என்றும் இவளைப் 'பெரியம்மா' என்றும் கூப்பிட்டாள். பாவி மனசு அன்றைக்குப் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? மாதம் முப்பது டாலர் கூடக் கிடைத்தால் போதும், தனி அறை எடுத்து மகளை அழைத்துவந்துவிடலாம். சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. தீதாவின் முகம் நினைவுக்கு வந்ததும் அடக்கிக்கொண்டாள்.

"ஊர்ல நல்ல காத்துங்க. அதான்."

"பக்கத்து நாட்டு ஆலையிலயும் இதையேதான் கேட்டோம். அங்க உங்களைவிட ஒண்ணரை மடங்கு சம்பளம். அதுவே அநியாயம்னு சண்டைக்கு வர்றாங்க."

"கொழுப்புங்க! கையில காசு சேர்ந்தா வாயும் நீளும்ல?"

ரச்சனா பேனாவை மூடி வைத்தாள்.

"எதுக்குக் கேட்கிறோம்னு நான் சொல்லக் கூடாதுக்கா. ஆனா கடைசியா ஒரு தடவை கேட்கிறேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நியாயமா?"

கெஞ்சுகிறாளே! இப்படிக் கெஞ்சித்தானே தீதாவையும் கவிழ்த்தார்கள்!

"நியாயம்தாங்க!"

வெளியே வந்ததும் சொவண்ணி கையைத் தட்டிக்கொண்டாள். "என்னமா தூண்டில் போடுறாடி! நானா மாட்டுவேன்?"

வரிசையில் ஒருத்திகூட வாய் தவறவில்லை. மேற்பார்வையாளர் கிம் ஹெங்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தீதாவிடமே கரும்புச்சாறு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மதியச் சோற்று நேரத்தில் கிம் ஹெங் ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசித்தார்.

"அஞ்சு நாட்டு ஆலைகள்ல நம்ம ஆலைதான் முதலிடம்! நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பேர் சம்பளம் நியாயம்னு சொல்லியிருக்கீங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். சொவண்ணியின் கைதட்டல்தான் உரக்கக் கேட்டது.

கிம் ஹெங் தாளைத் திருப்பினார். அவர் குரல் இறங்கியது.

"ஆகவே, இந்த வருஷம் ஒரு நாட்டுக்கு மட்டும் தரலாம்னு வெச்சிருந்த மாசம் நாப்பது டாலர் சம்பள உயர்வு, அநியாயம்னு அதிகம் பேர் சொன்ன பக்கத்து நாட்டு ஆலைக்கே போகுது."

சொவண்ணியின் கைகள் பாதியில் நின்றன. பக்கத்திலிருந்த மாலிஸ் அவள் தோளைத் தொட்டு, ஒன்றும் புரியாமல் கேட்டாள்:

"நாம சிரிச்சுக்கிட்டேதானேக்கா சொன்னோம்?"