மற்ற இயக்கம்

"இயக்கக்காரி! லோன்றி ரூமில நிண்டு கையெழுத்துக் கேக்கிறாள்."

உடுப்புக் கூடையைத் தொப்பென்று வைத்தாள் கோணேஸ்வரி.

"ஆரப்பா?" என்றார் கணவர் குஞ்சித்தம்பி, பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.

"ஏழாம் மாடி சல்வா. துனிசியாக்காரி. அங்க ஆரையோ பிடிச்சு அடைச்சிட்டாங்களாம். விடச்சொல்லி எம்.பி.யிட்ட பெட்டிசன் குடுக்கப்போறாளாம். வாய்க்கு வாய் மூவ்மென்ட், மூவ்மென்ட்!"

"அவங்கட நாட்டில கட்சிக்கும் அப்பிடித்தான் பேர் வைக்கிறவங்கள். எலெக்சனில நிண்ட ஆக்கள். எதிர்க்கட்சி எண்டு உள்ள போட்டிருப்பாங்கள்."

"எனக்கும் இங்கிலீசு தெரியும். இயக்கமெண்டால் இயக்கம்தான்."

குஞ்சித்தம்பி பேப்பரை மடித்தார். எண்பத்தாறில் மட்டக்களப்பில் அவளுடைய அண்ணன் கோணேஸ்வரன் ஓர் ஆயுத இயக்கத்தில் இருந்தான். அதற்குப் போட்டியான மற்ற இயக்கம் வந்து வாசலில் வைத்துக் கூட்டிப்போனது. அவ்வளவுதான், அவன் திரும்பவில்லை.

"அண்ணனுக்காக எங்கட ஆக்கள் நோட்டீஸ் அடிச்சினம், சரி," என்றாள் கோணேஸ்வரி. " அவங்கட பக்கத்தில ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உது பிழையெண்டு வாய் திறந்ததா?"

நாற்பது வருடத்துக் கேள்வி.

பின்னேரமே கோணேஸ்வரி புறப்பட்டுவிட்டாள். புலம்பெயர்ந்து வந்து குடியேறிய அந்தப் பில்டிங்கில் தமிழ் வீடுகள் பதினாலு. ஒன்றுவிடாமல் தட்டினாள்.

"கையெழுத்துக் கேட்டு வருவாள், வச்சிடாதேங்கோ. பிறகு கரைச்சல்."

"அன்ரி சொன்னால் சரி," என்றாள் தேனுகா.

"நான் கதவே திறக்கமாட்டன், பிள்ளை," என்றார் ஜெயரட்ணம் அண்ணை.

ஞாயிறு மத்தியானம் லொபியில் சல்வா தனியே இருந்தாள். மேசையில் ஒரு கிழவரின் படம். தாளில் ஒன்பது பெயர். மறுநாள் எம்.பி.யைச் சந்திக்க வேண்டும்.

கடந்துபோன கோணேஸ்வரி நின்றாள். வாய்தான் பொல்லாதது. படத்திலிருந்தவரின் ஒட்டிய கன்னம் அவளை விடவில்லை.

"பேனையைத் தா," என்றாள் இங்கிலீசில். "உன்ர மனுசனுக்காக வைக்கிறன். மூவ்மென்டுக்காக இல்லை."

"என்ர மனுசனா?" சல்வா விழித்தாள். "அவர் மேல வீட்டில நித்திரை."

"அப்ப இது ஆர்?"

"மற்ற மூவ்மென்டின் தலைவர். போன ஆட்சியில என்ர மனுசன் ஜெயிலில இருக்கேக்க, 'நல்லா வேணும்' எண்டு மேடையில பேசினவர்."

கோணேஸ்வரியின் கையில் பேனை அப்படியே நின்றது.

"உனக்கென்ன விசரா? அவருக்காக நீ ஏன் கையெழுத்துக் கேக்கிறாய்?"

"எழுபத்திநாலு வயது. இன்சுலின் ஒழுங்காக் குடுக்கினமில்லை." சல்வா படத்தை நேராக்கி வைத்தாள். "அவரின்ர ஆக்கள் கேட்டால் ஆர் நம்புவினம்? எங்கட பக்கத்தில ஒரு ஆளாவது கேக்கவேணுமே."

ஒரு ஆளாவது.

கோணேஸ்வரி கையெழுத்து வைத்தாள். பேனையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தாளையும் எடுத்துக்கொண்டு எலிவேற்றரை நோக்கி நடந்தாள்.

"எங்க கொண்டுபோறாய்?" என்று பதறினாள் சல்வா.

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. அவளே போய் அடைத்துவிட்டு வந்த கதவுகள் பதினாலு இருந்தன.