நீளமான கேபிள்

இங்கிலாந்தில், டெர்பி நகரின் ஓரத்தில், எங்கள் சரிவான தெருவில், நெவில் பாகங்களை வாங்கி வீட்டிலேயே சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும் கார் ஜாக்கித் தாங்கிகள் மேல் நிற்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடும் எனக்கு, காருக்கு அடியில் கிடக்கும் நெவிலின் கால்கள் மட்டும் தெரிகின்றன. அவன் மனைவியின் தம்பி டெஸ்மண்ட் டார்ச்சோடு குந்தியிருக்கிறான். தரையில் இரண்டு கைபிரேக் கேபிள்கள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. நூலால் அளந்து பார்த்து நெவில் நீளமானதை எடுக்கிறான்.

"குட்டையைப் போடு மச்சான். சக்கரம் இப்பத் தொங்கிட்டு..."

"வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி. உன்னை யாரும் யோசனை கேக்கல."

டெஸ்மண்ட் மூடிக்கொள்கிறான். அதன்பிறகு ஸ்பானர் உரசும் சத்தம் மட்டும்தான். இவர்கள் திட்டிக்கொள்ளாமல் வேலை செய்தாலே ஏதோ கோளாறு என்று அர்த்தம். தாங்கிகளை எடுத்து வண்டியை இறக்குகிறார்கள். பாரம் ஏறியதும் தொங்கிய சக்கரங்கள் மேலே போகின்றன; விறைப்பாக இருந்த கேபிள் தொய்ந்து தரையைத் தடவுகிறது. டெஸ்மண்ட் அதைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன டீயைக் குடிக்கிறான். நெவில் உள்ளே ஏறி, பிரேக் பெடலை மிதித்தபடி கியரை விடுவித்துக் கைபிரேக்கை இழுக்கிறான். அது எங்கேயும் பிடிக்காமல் உச்சிவரை வருகிறது.

"தெரிஞ்சேதான் சும்மா இருந்தியா?"

"நீதான வாயை மூடச் சொன்ன."

இப்போது சரிவில் வண்டியைப் பிடித்திருப்பது நெவிலின் வலது கால் ஒன்றுதான். அவன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கிறான். பின்னால், சரிவின் கீழே, கேட்டருகே, டெஸ்மண்டின் புதுக் கார் வெயிலில் பளபளக்கிறது.

நெவில் மெதுவாகக் காலை எடுக்கிறான்.