அறைச் சாவி

1966 பூஜை விடுமுறைக்கு ஷாதிபூரிலிருந்து கப்பலில் மாயாபந்தர் வந்திருந்தேன். கடலோர விடுதியில் அறை. காலையில் சாவியை விடுதிக் காவலாளியின் மனைவி கிரேசியிடம் கொடுத்துவிட்டுப் போய், பாறைகளுக்கு அப்பாலிருந்த மணல்கரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மதியம் திரும்பினேன். சாவி கேட்டேன்.

“அரே, அக்கா! அப்பவே வந்து வாங்கிட்டுப் போனீங்களே. மீன் குழம்ப ரெண்டாந் தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க.”

“நான் எங்கயும் ரெண்டாந் தடவ கேட்டதே இல்ல. எவளுக்கோ என் சோத்தப் போட்டுட்டு என்கிட்டயே சொல்றியா?”

போய் என் அறைக் கதவைத் தட்டினேன். கிரேசியும் பின்னாலேயே வந்தாள். உள்ளே தாழிட்டிருந்தது.

“கிரேசி, யாரது?” உள்ளிருந்து கேட்டது என் குரல். நான் ஒருநாளும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. “யாரா இருந்தாலும் கால் கழுவச் சொல்லு. தரையெல்லாம் மண்ணாக்கிடுவா.”

“ஜி, அக்கா,” என்று கதவைப் பார்த்துச் சொன்ன கிரேசி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினாள். மணல் கரைந்து ஓடியது. அடியில் பாதம் தெரியவில்லை. இன்னும் ஊற்றினாள். கணுக்கால் வரை மணலாகவே போனது.

“அது என் அறை,” என்றேன்.

கிரேசி இன்னொரு வாளி எடுக்கப் போனாள்.