இரண்டு தவணை போதும்

"அமெரிக்காவில இதுவரைக்கும் நாப்பத்தைஞ்சு பேர் சனாதிபதியாய் இருந்திருக்கினம். அதில எட்டுப் பேர் கதிரையிலயே செத்தவை. தவணை முடியமுன்னம் தானாய் எழும்பிப் போனவை எத்தினை பேர் தெரியுமோ?"

யேசுராசா ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.

"ஒரே ஒராள்."

மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம். எழுபது பேராவது இருப்பார்கள். மேடையில் தலைவர் குமாரசாமி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அவர்தான் தலைவர்.

யேசுராசாவுக்கு இது நாள்பட்ட ஆத்திரம். அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து ஏறியது. அந்த நாட்டுச் சனாதிபதி இறங்குவாரா, இறங்கினால் எப்படி இறங்குவார் என்று கணக்குப் போடும் நிகழ்ச்சி ஒன்றையும் அவர் தவறவிடுவதில்லை. பென்ரோஸில் அவர் வேலை செய்யும் இடத்துச் சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். கடைசியில் ஒன்று அவருக்குப் பிடிபட்டது. ஏறியவன் எவனும் லேசில் இறங்குவதில்லை. அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

அங்கே மூன்று சனாதிபதிகளைப் பதவி நீக்க நான்கு தடவை குற்றப் பிரேரணை கொண்டுவந்தும் ஒருவரைக்கூட இறக்க முடியவில்லை என்றார். இறங்கியவர்களில் மற்ற எல்லோரையும் வாக்கும் தவணைக் கணக்கும்தான் வீட்டுக்கு அனுப்பின என்றார். இரண்டு தவணைக்கு மேல் ஒருவரும் தெரிவாகக் கூடாது என்று அவர்கள் சட்டம் போட்டது அதனால்தான். இந்தச் சங்கத்துக்கும் அந்தச் சட்டம் வேண்டும்.

"இது ஒரு ஆளின்ரை வீட்டுச் சொத்தில்லை. ஒருத்தருக்கு வெக்கம் எண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ?"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. யார் வழிமொழிகிறீர்கள் என்று செயலாளர் வித்தியா கேட்டாள். முதலில் உயர்ந்தது குமாரசாமியின் கை.

நடிப்பு என்று நினைத்துக்கொண்டார் யேசுராசா. பிரேரணை ஒருமனதாக நிறைவேறியது. அடுத்தது தேநீர், பிறகு நிர்வாகத் தெரிவு.

அவர் ரோல்ஸைக் கடிக்கத் தொடங்கியதுமே மனைவி அன்ரனீற்றா கைப்பையோடு வந்து நின்றாள்.

"சரி, வாங்கோ போவம்."

ஒவ்வொரு முறையும் அவர்கள் புறப்படுவது இந்த நேரத்தில்தான். அவர்கள் மட்டுமல்ல, எல்லோருமேதான். தெரிவு நடக்கும்போது உட்கார்ந்திருந்தால் ஏதாவதொரு பதவியைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

"இண்டைக்கு நான் நிண்டுதான் வருவன். அந்த மனுசன் இறங்கிறதை என்ரை கண்ணால பாக்கவேணும்."

"பாத்துக்கொண்டு இருங்கோ. நான் காருக்குள்ள இருக்கிறன்."

தேநீர் முடிந்தபோது மண்டபத்தில் ஒன்பது பேர் மிஞ்சியிருந்தார்கள். கைதட்டியவர்களின் கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறும் சத்தம் கேட்டது.

குமாரசாமி எழுந்து நேராக யேசுராசாவைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடாத குறை.

"தம்பிக்குப் பெரிய நன்றி. கடைசி மூண்டு தெரிவிலயும் என்னை விடுங்கோ எண்டு கேட்டுப் பாத்திட்டன். ஆளில்லையெண்டு திரும்பவும் என்னையே போட்டவை. சனிக்கிழமை காலமையில என்ரை மனுசி ஸ்வர்ணாவுக்கு டயாலிசிஸ். நான் இஞ்ச தமிழ் வகுப்புக்குக் கதவு திறந்து கதிரை அடுக்கிக்கொண்டிருக்க, அவ தனிய டாக்சியில போய் வாறா. இனியாவது பக்கத்தில இருப்பன்."

யேசுராசாவுக்கு இது புதிது. தெரிவு நடக்கும்வரை அவர் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தவர்கள் யாரும் வெளியே சொன்னதும் இல்லை. எழுந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. கூட்டம் முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

தலைவர் பதவிக்கு யார் யாருடைய பெயர்கள் என்று வித்தியா கேட்டாள்.

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் போனை எடுத்தார். இன்னொருவர் தன் மகளுக்கு நீச்சல் வகுப்பு இருப்பதை, கேட்காமலே, பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். ஐந்து நிமிடம் போனது. தலைவர் இல்லாமல் மண்டபத்தை முன்பதிவு செய்ய முடியாது, சனிக்கிழமை வகுப்பு நின்றுவிடும் என்று வித்தியா நினைவூட்டினாள். அதன் பிறகும் ஐந்து நிமிடம் போனது.

"அங்கிள், நீங்கள்தானே இவ்வளவும் கதைச்சனீங்கள்," என்றாள் அவள். "உங்கடை பெயரைப் போடட்டோ?"

எட்டு முகங்களும் யேசுராசா பக்கம் திரும்பின. குமாரசாமியின் முகம் மலர்ந்தே விட்டது. யேசுராசாவுக்குச் சனிக்கிழமைகளில் வேலை இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெளியே அன்ரனீற்றா ஒரு தடவை ஹோர்ன் அடித்தாள்.

யேசுராசா எழுந்தார்.

"அமெரிக்காவில அந்தச் சட்டத்தைக் கொண்டுவரேக்கை, அப்ப கதிரையில இருந்தவருக்கு அது பொருந்தாது எண்டு சட்டத்திலேயே எழுதி வைச்சவை," என்றார், முன்பு பேசிய அதே உரத்த குரலில். "நாங்களும் எதையும் முறையாய்ச் செய்யவேணும். குமாரசாமி அண்ணையின்ரை பெயரை நான் பிரேரிக்கிறன்."