அவள் அடித்த அலறல்

மாதம் ஒரு பேய்க்கதை எழுதும் திருஞானத்துக்குப் பிழை திருத்தித் தருவது மனைவி குமுதவல்லிதான். இந்த மாதக் கதையில் கணவன் கழுத்தை நெரிக்க, மனைவி தெருவே கேட்கும்படி அலறிச் சாகிறாள். பிறகு பேயாக வருகிறாள். குமுதவல்லி அந்த "ஆஆஆ"வைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள்.

"என்னடி, கதையோட உயிர்லயே கைவெச்சுட்டே?"

"கழுத்தைப் பிடிச்சிட்டா சத்தம் வராதுங்க."

"அடேயப்பா! உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்துபோயிருந்தான். காபி டம்ளரைப் பிடித்திருந்த அந்த விரல்களுக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, அடித்த அலறலை மறுபடி எழுதினாள், இன்னும் நாலைந்து "ஆ" சேர்த்து.

கதையில் வருகிறவளாவது கத்தட்டும்.