ஈரச் சீவாளி

கிளாரினெட்டின் ஊதுவாயில் புதுச் சீவாளி, அந்த மெல்லிய நாணல் பட்டை, போட்டால் முதல் ஒரு வாரம் கீச்சிட்டு மானத்தை வாங்கும். யாராவது ஊதி ஊதிப் பழக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் அடெலினுக்கு இருபத்தாறு வருஷமாக லூசியன்தான் பழக்கிக் கொடுத்தான். இருவரும் ஒரே ஜாஸ் குழு; அவள் மெட்டுப் போட்டாள், கிளாரினெட் வகுப்பும் நடத்தினாள். அவன் பக்கத்து நாற்காலியில் பொடிச் சர்க்கரை தூவிய பலகாரத்தைத் தின்றபடியே அவளுடைய புதுச் சீவாளியை ஊதிப் பழக்குவான்.

"என் எச்சில் படாம உனக்கு ஒரு சுரம் வருமாடி?" என்பான்.

மார்ச்சில் அவனை மேளதாளத்தோடு புதைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை காலை வகுப்பில் அடெலின் புதுப் பெட்டியைப் பிரித்தாள். பத்துச் சீவாளிகளில் ஒன்று ஈரமாக இருந்தது. அதைப் போட்டதும் முதல் மூச்சிலேயே தேனாக இழைந்தது. பிறகு வாராவாரம் ஒன்று அப்படியே. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியை மூடும்போது "நன்றிடா" என்பாள், அவ்வளவுதான்.

பத்து வாரத்தில் பத்தும் தீர்ந்தன. புதுசு வாங்க மறந்துவிட்டதை அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சொன்னாள்.

"இன்னிக்கு எத வச்சு ஊதப்போறீங்க டீச்சர்?" என்று சிரித்தாள் மாணவி ரோசெட். தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவள்.

பழக்க தோஷத்தில் அடெலின் காலிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒன்று இருந்தது. வாயில் வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது, இனித்தது.

"தின்னா வாயக் கொப்பளிச்சிட்டு ஊதுன்னு எத்தன தடவ சொல்றது!"

"நான் இன்னும் ஒண்ணுமே சாப்பிடலையே டீச்சர்!"

"உன்னச் சொல்லலம்மா" என்ற அடெலின், பக்கத்து நாற்காலியில் சிந்தியிருந்த சர்க்கரையைத் துடைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.