அடியில் ஏதோ கடகடக்குது

“நிறுத்து, நிறுத்து! வண்டி ரெண்டா பிளந்துடும் போல இருக்கு!” என்றார் மாஸ்டர்.

அவர் மனைவி வண்டியை ஓரம் கட்டினாள். வண்டித் தரைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்த கடகட சத்தம், யாரோ வாயைப் பொத்தியதுபோல் சட்டென்று அடங்கியது.

பின்சீட்டில் குனிந்திருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பது அவர் வழக்கம். அதனால் அவருக்கு டாக்டர் என்றே பெயர்.

“என்ன டாக்டர், சைலன்சர் தகடா?”

“அதைக் காலையிலயே முறுக்கிட்டேன் மாஸ்டர்.”

“சக்கர பேரிங்?”

“தூக்கிவெச்சுச் சுத்திப் பாத்தாச்சு. வழுக்கிக்கிட்டுப் போகுது.”

“இஞ்சின் மவுண்ட்?”

“போன மாசம்தானே புதுசு போட்டோம்? வண்டி என்னைவிட ஆரோக்கியமா இருக்கு.”

மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். இதுவரை அவர் பதறி யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை ஒரு மாணவர் வண்டியை நேராகச் செருப்புக் கடைக்குள் விட்டபோது, சீட்டில் இருந்தபடியே, “எட்டாம் நம்பர் இருக்கா?” என்று கடைக்காரரைக் கேட்டவர்.

“நாளைக்குப் பத்து மணிக்கு டெஸ்டு,” என்றாள் மனைவி. “ஞாபகம் இருக்குல்ல?”

“இந்தச் சத்தத்தோடயா? இன்ஸ்பெக்டர் பாதி வழியில இறங்கி நடந்தே போயிடுவார். தேதியைத் தள்ளிப் போடு.”

“தள்ளிப் போட்டா அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சு. திங்கக்கிழமை லைசென்ஸோட வரச் சொல்லியிருக்காங்க.”

அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும் வேலை. வண்டியை ஆஸ்பத்திரியே கொடுக்கும். ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வருடம் வீட்டோடு இருந்தவளுக்கு இப்போதுதான் ஒரு கதவு திறந்திருந்தது.

மெக்கானிக் ஓட்டும் ஆளை மாற்றி மாற்றிச் சோதித்தார். முதலில் மாஸ்டர் ஓட்டினார். சத்தம் இல்லை. பிறகு மெக்கானிக் ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதும் இல்லை. மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துத் தெருமுனையைத் தாண்டியதும், கடகடகட.

மாஸ்டர் தொடையைத் தட்டினார். “பாத்தியா? நான் ஓட்டினா வரலை. இவர் ஓட்டினா வரலை. கோளாறு எங்கன்னு இன்னும் நான் வாயைத் திறந்து சொல்லணுமா?”

“சொல்லுங்களேன், கேப்போம். ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் ‘பரவால்லம்மா, பழகிடும்’. எனக்கு மட்டும் ‘நிறுத்து நிறுத்து’.”

“கிளட்சுல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுறே.”

“ரெண்டு காலும் எங்க இருக்குன்னு நீங்களே குனிஞ்சு பாருங்க.”

அவர் பார்த்தார். இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. அதனால் எரிச்சல் இன்னும் ஏறியது.

அவள் வண்டியைத் திருப்பிக் கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப, நான் வரலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிடட்டுமா?” என்றாள்.

மாஸ்டர் வெளியே பார்த்தார்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “மாஸ்டர், நீங்க கொஞ்சம் இறங்கி நில்லுங்க. நான் முன்னாடி உக்காந்து கேக்குறேன். அக்கா ஒரு ரவுண்டு ஓட்டட்டும்.”

“அந்தப் பேச்சே வேணாம். அவ ஓட்டும்போது இந்த சீட்டை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கற்றுத்தரும் வண்டி என்பதால் அவர் பக்கமும் ஒரு பிரேக் பெடல் உண்டு. இரண்டு பிரேக்கையும் தரைக்கு அடியில் ஒரு கம்பி இணைத்திருந்தது.

“சரி. அப்ப நான் கீழேயே படுத்துடறேன்,” என்றார் மெக்கானிக்.

ஸ்குரூடிரைவரைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே உடம்பை நுழைத்துக் குப்புறக் கவிழ்ந்தார். “காது ஏமாத்தும். கை ஏமாத்தாது. கிளம்புங்கக்கா.”

வண்டி கிளம்பியது. தெருமுனை தாண்டியது. எதிரே ஒரு பஸ் திரும்பியது. மனைவி அழகாக வேகத்தைக் குறைத்து வழிவிட்டாள். அடியில் கடகடகட என்று உச்சத்தில் பிடித்துக்கொண்டது.

“இதுதான்! இதுதான்! விடாதே டாக்டர், பிடி!” என்றார் மாஸ்டர்.

மெக்கானிக்கின் உள்ளங்கை தரையைத் தடவிக்கொண்டே போனது. பின்பக்கம் அமைதி. நடுவில் லேசான அதிர்வு. முன்னால் போகப் போக அதிர்வு கூடியது. கம்பி போகும் இடத்தில் கையே கூசியது. கம்பியோடு போனால் மாஸ்டர் பக்கத்துப் பெடல். பெடலின் மேல் மாஸ்டரின் ஷூ. அதற்கு மேல், படபடவென ஆடும் அவருடைய முழங்கால்.

மெக்கானிக் அந்த முழங்காலை அழுத்திப் பிடித்தார். சத்தம் நின்றது.

கையை எடுத்தார். கடகடகட.

இன்னொரு முறை பிடித்தார். நின்றது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

“கண்டுபிடிச்சாச்சா?” மாஸ்டர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “சொல்லு டாக்டர், எதைக் கழட்டணும்?”

மெக்கானிக் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

“நாளைக்கு இதே வண்டியில தைரியமா டெஸ்டுக்குப் போங்கக்கா, இவரை மட்டும் வீட்டுல கழட்டி வெச்சுட்டுப் போங்க.”